முள்வாங்கி முதல் வேக்குவம் வரை: கரும்புள்ளி எடுக்கும் கருவிகளின் கதை

மூக்கின் மேல் இருக்கும் கரும்புள்ளியை எடுப்பதற்கென்றே இன்று எத்தனையோ கருவிகள் வந்துவிட்டன. கம்பி வளையம், ஒட்டி உரிக்கும் பட்டை, உறிஞ்சி எடுக்கும் வேக்குவம் மெஷின்... உப்பிலியபுரம் மாதிரி சின்ன ஊரில் இருந்தாலும் ஆன்லைனில் ஆர்டர் போட்டால் வீட்டுக்கே வந்துவிடும். ஆனால் இவை எதற்காக, யாருக்காக உருவாயின? அளவுக்கு மீறினால் என்ன ஆகும்? வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கலாம்.

முள்ளும் பருவும்

உடம்பில் இருந்து வேண்டாததைப் பிடுங்கி எடுக்கும் பழக்கம் மிகப் பழையது. ஹரப்பா அகழாய்வில் காது குடையும் கரண்டி, ஊசி, சாமணம் மூன்றும் ஒன்றாகக் கோத்த செம்புச் சாதனம் கிடைத்திருக்கிறது. வயது 4000 ஆண்டுகளுக்கு மேல்! நம் கிராமத்துப் பெரியவர்களின் சுருக்குப்பையிலும் அரைஞாண் கயிற்றிலும் இருந்த முள்வாங்கியும் இதே வகைதான். காலில் தைத்த முள் வெளியிலிருந்து வந்தது. அதை எடுத்துவிட்டால் வேலை முடிந்தது.

முகப்பரு அப்படியல்ல. சுசுருத சம்ஹிதை, இளம் வயதினர் முகத்தில் வரும் பருவை இலவ மரத்து முள்ளுக்கு ஒப்பிட்டு 'முகதூஷிகா' என்கிறது. சுவாரசியமான விஷயம் என்னவென்றால், அதற்கு அந்த நூல் சொல்லும் வைத்தியம் வாந்தி மருந்தும், வசம்பு போன்றவற்றை அரைத்துப் போடும் பூச்சும். பார்க்க முள் மாதிரி இருந்தாலும் முள்ளைப் போல் பிடுங்கக்கூடாது என்பது அன்றே தெரிந்திருக்கிறது போலும்.

புழுவா? அழுக்கா?

ஐரோப்பாவில் இதற்கு வைத்த பெயர் 'காமிடோ'. லத்தீனில் 'தின்று தீர்ப்பவன்' என்று பொருள். உடலைத் தின்னும் புழுக்களுக்கு வைத்த பெயர் அது. பிதுக்கினால் வெளிவருவது பார்க்கப் புழு மாதிரி இருந்ததால் இதற்கும் ஒட்டிக்கொண்டது. புழு இல்லை என்று தெரிந்த பிறகு, கறுப்பு நிறத்தைப் பார்த்து 'அழுக்கு' என்றார்கள். அதுவும் தவறு. மயிர்க்காலில் அடைத்துக்கொண்ட எண்ணெயும் இறந்த செல்களும் காற்றுபட்டு மாறுவதாலும், தோலின் நிறமியான மெலனினாலும்தான் அந்தக் கறுப்பு. எவ்வளவு தேய்த்தாலும் போகாது!

மருத்துவர் கையில்

ஹாம்பர்க் நகரத் தோல் மருத்துவர் உன்னா (1850–1929), பிலடெல்பியாவின் ஷாம்பெர்க் (1870–1934) ஆகியோர் பெயரில் இன்றும் கரும்புள்ளி எடுக்கும் கருவிகள் உண்டு. ஷாம்பெர்க் கருவி இரு முனையிலும் வளையம் உள்ள ஒரு கம்பி. கிருமி நீக்கிய கருவி, மென்மையான அழுத்தம், வர மறுத்தால் விட்டுவிடுவது: இதுதான் முறை. சீழ் பிடித்த பருவில் கை வைக்கக்கூடாது.

அதே காலத்தில் இன்னொரு எச்சரிக்கையும் வந்தது. 1898-ல் பாரிஸ் மருத்துவர் லூயி பிரோக் ஒரு நோயை விவரித்தார். சாதாரணப் பருக்களைக் கிள்ளிக் கிள்ளியே புண்ணும் தழும்புமாக்கிக்கொண்ட இளம்பெண்கள்! நோய்க்கு வைத்த பெயரிலேயே 'இளம்பெண்கள்' என்ற சொல் இருந்தது. பரு சின்னது, தழும்பு பெரியது. ஆண்களுக்கும் இது வரும்.

இதைவிடக் கொடுமை ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்க்ரியாபினுக்கு நடந்தது. 1915-ல் மேல் உதட்டில் வந்த ஒரு கட்டி ரத்தத்தில் விஷமாகப் பரவி, 43 வயதில் இறந்துபோனார். மூக்கு, மேல் உதடு பகுதியின் ரத்தக்குழாய்கள் மண்டைக்குள் இருப்பவற்றோடு தொடர்புள்ளவை. பென்சிலின் வராத காலம் அது. இன்று இப்படி நடப்பது மிக மிக அரிது. ஆனால் அந்த ரத்தக்குழாய்கள் மாறிவிடவில்லையே!

வீட்டுக்கு வந்த கருவி

1996-ல் ஜப்பானின் காவோ நிறுவனம் மூக்கில் ஒட்டி உரிக்கும் பட்டையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிறகு வேக்குவம் மெஷினும் வந்தது. மருத்துவர் எப்போதாவது செய்த வேலை, கண்ணாடி முன் தினசரி வேலையாகிவிட்டது. சிக்கல் இங்கேதான். மூக்கில் வரிசையாகத் தெரியும் புள்ளிகளில் பல கரும்புள்ளியே அல்ல, இயல்பான எண்ணெய் இழைகள். எடுத்தாலும் சில வாரங்களில் மீண்டும் நிறைந்துவிடும். துளையின் அளவும் நிரந்தரமாகச் சுருங்காது. திரும்பத் திரும்ப உறிஞ்சினால் தோல் கன்றிப்போகும், நுண்குழாய்கள் உடைந்து சிவப்புக் கோடு விழும். வளையத்தை அழுத்தினால் அடைப்பு உள்ளேயே உடைந்து வீங்கும். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் இன்னொரு தொல்லை: காயம் ஆறினாலும் கருமை மாதக்கணக்கில் நிற்கும். கரும்புள்ளியை எடுக்கப் போய் கருந்திட்டு வாங்குவதா?

சாலிசிலிக் அமிலம், அடாபலீன் போன்ற மருந்துகள் துளைக்குள் அடைப்பைத் தளர்த்துகின்றன. பொறுமை வேண்டும், மருத்துவர் ஆலோசனையும் வேண்டும். முள்ளை முள்ளால் எடுக்கலாம். ஆனால் முகத்தில் இருப்பது முள் இல்லையே!