அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் அரசியல் விவாதங்கள்

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் அரசியல் விவாதங்கள் என்பது தமிழ்நாட்டின் கடலூர் மாவட்டம், சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலை நகரில் அமைந்துள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1930கள் முதல் நடைபெற்று வந்த அரசியல், மொழி, கல்விக் கொள்கை ஆகியன தொடர்பான பொது விவாதங்களையும், அவற்றிலிருந்து எழுந்த மாணவர் இயக்கங்களையும் குறிக்கும். இந்திய தேசியம், பொதுவுடைமை, திராவிட இயக்கம் ஆகிய மூன்று அரசியல் போக்குகளும் இவ்வளாகத்தில் மேடை கண்டன. பிற்காலத்தில் தமிழக அரசியலில் முதன்மை பெற்ற தலைவர்கள் சிலர் இங்கு மாணவர்களாக இருந்தபோது பொதுவாழ்வில் ஈடுபடத் தொடங்கினர். 1965 ஆம் ஆண்டு இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போது மாணவர் இராசேந்திரன் துப்பாக்கிச் சூட்டில் இறந்தது இவ்வரலாற்றின் முக்கிய நிகழ்வாகும்.

பின்னணி

சிதம்பரத்தில் 1920 ஆம் ஆண்டு மீனாட்சி கல்லூரியை நிறுவிய அண்ணாமலை செட்டியார், பின்னர் தமிழ்க் கல்லூரி, வடமொழிக் கல்லூரி, இசைக் கல்லூரி ஆகியவற்றையும் நிறுவினார். இவற்றை ஒன்றிணைத்து 1928 ஆம் ஆண்டின் அண்ணாமலைப் பல்கலைக்கழகச் சட்டத்தின் கீழ் 1929 இல் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. இச்சட்டத்தின்படி நிறுவனருக்கும் அவரது வழிவந்தோருக்கும் இணைவேந்தர் பொறுப்பு உரியதாயிற்று.

சென்னைப் பல்கலைக்கழகம் பல ஊர்க் கல்லூரிகளை இணைத்துத் தேர்வு நடத்தும் அமைப்பாக விளங்கியது. அண்ணாமலைப் பல்கலைக்கழகமோ ஆசிரியரும் மாணவரும் ஒரே வளாகத்தில் தங்கிப் பயிலும் உறைவிட அமைப்பாகத் திட்டமிடப்பட்டது. மாணவர் விடுதிகள், உணவுக்கூடங்கள், நூலகம், அரங்கம் யாவும் அருகருகே இருந்தமையால் வகுப்பு முடிந்த பின்னரும் விவாதம் தொடர்வதற்கு வாய்ப்பிருந்தது. சிதம்பரம் தொடருந்து நிலையத்திற்குக் கிழக்கே வளாகமும், மேற்கே நடராசர் கோயிலைச் சூழ்ந்த நகரமும் அமைந்துள்ளன. எனவே மாணவர் ஊர்வலங்கள் பெரும்பாலும் வளாகத்திலிருந்து நகரை நோக்கியே செல்லும்.

துணைவேந்தர்கள்

தொடக்கக் காலத் துணைவேந்தர்கள் பலர் அரசியல் அனுபவம் உடையோராய் இருந்தனர். 1935 முதல் 1940 வரை துணைவேந்தராக இருந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரி மிதவாதத் தலைவரும் புகழ்பெற்ற ஆங்கிலப் பேச்சாளரும் ஆவார். வளாகத்திலுள்ள சாஸ்திரி அரங்கம் அவர் பெயரைத் தாங்கியுள்ளது. அவருக்குப் பின் பொறுப்பேற்ற கூர்மா வெங்கட ரெட்டி நாயுடு நீதிக்கட்சியைச் சேர்ந்தவர். 1937 இல் சென்னை மாகாணத்தின் முதலமைச்சராகச் சில மாதங்கள் பதவி வகித்தவர். அவரையடுத்து வந்த எம். இரத்தினசாமி அரசியல் அறிவியல் அறிஞர்; சென்னைச் சட்டமன்ற மேலவையின் தலைவராகவும் இருந்தவர். பின்னாளில் சி. பி. இராமசாமி ஐயரும் இப்பொறுப்பை வகித்தார். மிதவாதம், நீதிக்கட்சி, சமஸ்தான நிருவாகம் எனப் பல்வேறு பின்னணி கொண்டோர் அடுத்தடுத்துத் தலைமை ஏற்றமை குறிப்பிடத்தக்கது.

விவாத முறை

பிரித்தானிய இந்தியாவின் பல்கலைக்கழக மாணவர் பேரவைகள் ஆக்சுபோர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர் பேரவைகளின் முறையைப் பின்பற்றின. ஒரு தீர்மானம் முன்மொழியப்படும். ஒருவர் ஆதரித்தும் மற்றொருவர் எதிர்த்தும் பேசுவர். அவையோர் கருத்துரைத்த பின் வாக்கெடுப்பு நடைபெறும். ஆக்சுபோர்டு பேரவை 1933 பெப்ரவரியில், அரசருக்காகவும் நாட்டுக்காகவும் போரிடுவதில்லை என்ற தீர்மானத்தை 275 வாக்குகளுக்கு 153 என்ற கணக்கில் நிறைவேற்றியது உலகெங்கும் பரபரப்பை ஏற்படுத்தியது. மாணவர் விவாதம் பயிற்சியாகவே நின்றுவிடுமா, அரசியல் செயலாகவும் கருதப்படுமா என்ற கேள்வியை அது எழுப்பியது. இதே கேள்வி அண்ணாமலை நகரிலும் பலமுறை எழுந்தது.

ஆங்கில விவாத முறையுடன் 1940களில் தமிழ் மேடைப்பேச்சும் மாணவரிடையே வளர்ந்தது. வாதியும் எதிர்வாதியும் அவையின் முன் மாறிமாறிப் பேசும் சொற்போர், ஒருவர் நெடுநேரம் ஆற்றும் சொற்பொழிவு ஆகிய இரண்டும் வழக்கில் இருந்தன.

தேசிய, பொதுவுடைமைப் போக்குகள்

1930களின் பிற்பகுதியில் இந்திய விடுதலைப் போராட்டமும் இடதுசாரிக் கருத்துகளும் மாணவரிடையே பரவின. பின்னாளில் பொதுவுடைமைக் கட்சித் தலைவர்களாக விளங்கிய கே. பாலதண்டாயுதம், ஆர். உமாநாத் ஆகியோர் இங்கு பயின்றவர்கள். உமாநாத் படிப்பைக் கைவிட்டு முழுநேரக் கட்சிப் பணியில் ஈடுபட்டார். 1940 ஆம் ஆண்டுச் சென்னைச் சதி வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டோருள் அவரும் ஒருவர். பின்னர் 1962, 1967 ஆகிய தேர்தல்களில் புதுக்கோட்டைத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பாலதண்டாயுதமும் நாடாளுமன்ற உறுப்பினரானார். 1973 இல் தில்லி அருகே நிகழ்ந்த வானூர்தி விபத்தில் காலமானார்.

தமிழிசை மாநாடு

1941 ஆகத்து மாதத்தில் அண்ணாமலை நகரில் தமிழிசை மாநாடு கூட்டப்பட்டது. இசை அரங்குகளில் தமிழ்ப் பாடல்களுக்கு உரிய இடம் அளிக்கப்பட வேண்டும் என்பதே அதன் கோரிக்கை. தெலுங்கு, வடமொழிப் பாடல்கள் மேலோங்கியிருந்த அக்காலத்தில் இக்கோரிக்கை கடும் விவாதத்திற்கு உள்ளானது. இசைக்கு மொழி தேவையில்லை என்று ஒரு சாராரும், கேட்போருக்குப் பொருள் விளங்க வேண்டும் என்று மறு சாராரும் வாதிட்டனர். எழுத்தாளர் கல்கி தமிழிசைக்கு ஆதரவாக எழுதினார். இதன் தொடர்ச்சியாக 1943 இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் நிறுவப்பட்டது. ஒரு பல்கலைக்கழகக் கூட்டத்தில் எழுந்த கருத்து மாகாணம் தழுவிய பண்பாட்டுக் கொள்கை விவாதமாக மாறியதற்கு இது எடுத்துக்காட்டாகும்.

திராவிட இயக்கம்

பல்கலைக்கழகத்தின் தமிழ்த்துறைத் தலைவராக இருந்த ச. சோமசுந்தர பாரதியார், 1937–38 ஆம் ஆண்டுகளில் இராசகோபாலாச்சாரி அரசின் கட்டாய இந்திக் கொள்கையை எதிர்த்தோருள் முன்னணியில் நின்றார். 1943 இல் கம்பராமாயணம் குறித்து சி. என். அண்ணாதுரை நிகழ்த்திய இரு சொற்போர்களில், சென்னையில் ரா. பி. சேதுப்பிள்ளையும் சேலத்தில் சோமசுந்தர பாரதியாரும் அவருக்கு எதிர்வாதம் செய்தனர். இவ்விருவரும் முன்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர்கள். இந்தித் திணிப்பை எதிர்த்த ஒருவரே கம்பருக்காக அண்ணாதுரையுடன் வாதிட்டமை, அக்கால விவாதங்கள் கட்சி எல்லைக்குள் அடங்காதவை என்பதைக் காட்டுகிறது. அச்சொற்போர் உரைகள் பின்னர் ‘தீ பரவட்டும்’ என்னும் நூலாக வெளிவந்தன.

இரா. நெடுஞ்செழியன், க. அன்பழகன் ஆகியோர் 1940களில் இங்கு தமிழ் முதுகலை பயின்றனர். நெடுஞ்செழியனின் தம்பி இரா. செழியனும் இங்கு பயின்றவரே. 1949 இல் தொடங்கப்பட்ட திராவிட முன்னேற்றக் கழகத்தில் இவர்கள் முன்னணித் தலைவர்களாயினர். நெடுஞ்செழியனும் அன்பழகனும் வெவ்வேறு காலங்களில் அக்கட்சியின் பொதுச்செயலாளர்களாகவும் தமிழக நிதியமைச்சர்களாகவும் பணியாற்றினர்.

அண்ணாதுரை 1940களில் இங்கு மாணவர்முன் ஆற்றிய உரை ‘நிலையும் நினைப்பும்’ என்னும் பெயரில் நூலாயிற்று. முதலமைச்சரான பின் 1967 இல் இதே பல்கலைக்கழகத்தில் அவர் பட்டமளிப்பு விழா உரை ஆற்றினார். 1968 இல் பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது.

வளாகத்திற்கு வெளியே பொதுமேடைகளின் சூழல் மாறுபட்டிருந்தது. 1944 இல் கடலூரில் கூட்டம் முடிந்து திரும்பிய ஈ. வெ. இராமசாமி மீது செருப்பு வீசப்பட்டது. பிற்காலத்தில் அவ்விடத்தில் அவருக்குச் சிலை எழுப்பப்பட்டது. எதிர்க்கருத்தை அமர்ந்து கேட்டு, எழுந்து மறுக்கும் வாய்ப்பு அக்காலத்தில் எல்லா மேடைகளிலும் கிட்டவில்லை.

1965 இந்தி எதிர்ப்புப் போராட்டம்

இந்திய அரசியலமைப்பின்படி 1965 சனவரி 26 முதல் இந்தி மட்டுமே நடுவண் அரசின் ஆட்சிமொழியாக வேண்டியிருந்தது. 1963 ஆம் ஆண்டின் ஆட்சிமொழிகள் சட்டம் அந்நாளுக்குப் பின்னரும் ஆங்கிலம் தொடரலாம் எனக் கூறியது. தொடரும் என உறுதி கூறவில்லை. இச்சொல் வேறுபாடே மாணவர் விவாதங்களின் மையமாயிற்று. ஆங்கிலம் நீங்கினால் நடுவண் அரசுப் பணித் தேர்வுகளில் இந்தி பேசாத மாநிலத்தவர் பின்தங்குவர் என்ற அச்சம் பட்டதாரி மாணவரிடையே வலுவாக இருந்தது.

சனவரி 25 அன்று மதுரையில் மோதல் ஏற்பட்டதைத் தொடர்ந்து மாநிலம் முழுவதும் மாணவர் போராட்டம் பரவியது. சனவரி 27 அன்று அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர்கள் சிதம்பரம் நகரை நோக்கி ஊர்வலமாகச் சென்றபோது காவல்துறையினர் தடுத்தனர். அப்போது நடைபெற்ற துப்பாக்கிச் சூட்டில் சிவகங்கையைச் சேர்ந்த மாணவர் இராசேந்திரன் உயிரிழந்தார். பல்கலைக்கழக நுழைவாயில் அருகே அவருக்குச் சிலை நிறுவப்பட்டுள்ளது.

பெப்ரவரி 11 அன்று நடுவண் அமைச்சர்கள் சி. சுப்பிரமணியம், ஓ. வி. அளகேசன் ஆகியோர் பதவி விலகல் கடிதம் அளித்தனர். அன்றே பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வானொலியில் உரையாற்றி ஆங்கிலம் தொடரும் என உறுதியளித்தார். 1967 ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலில் தி. மு. க. ஆட்சியைக் கைப்பற்றியது. ஆட்சிமொழிகள் சட்டம் திருத்தப்பட்டு ஆங்கிலத்தின் தொடர்ச்சி உறுதி செய்யப்பட்டது. 1968 சனவரி 23 அன்று தமிழகச் சட்டமன்றம் இருமொழிக் கொள்கைத் தீர்மானத்தை நிறைவேற்றியது.

1971 நிகழ்வுகள்

1971 இல் முதலமைச்சர் மு. கருணாநிதிக்குப் பல்கலைக்கழகம் மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியதை மாணவருள் ஒரு பகுதியினர் எதிர்த்தனர். காவல்துறையினர் தடியடி நடத்தினர். இதனையடுத்து மாணவர் உதயகுமார் வளாகக் குளத்தில் இறந்து கிடந்தார். அவரது இறப்பின் காரணம் குறித்து அரசுக்கும் எதிர்க்கட்சியினருக்கும் இடையே கருத்து வேறுபாடு எழுந்தது. விசாரணை ஆணையமும் அமைக்கப்பட்டது. மாணவர் போராட்டத்தின் ஆதரவுடன் ஆட்சிக்கு வந்த கட்சியே ஆறு ஆண்டுகளுக்குள் அதே வளாகத்தில் மாணவர் எதிர்ப்பைச் சந்தித்தது என்பதால் இந்நிகழ்வு அரசியல் மேடைகளில் நெடுங்காலம் பேசப்பட்டது.

நிருவாகம் குறித்த விவாதம்

2012 ஆம் ஆண்டின் இறுதியில் பல்கலைக்கழகம் கடும் நிதி நெருக்கடிக்கு உள்ளானது. தேவைக்கு மிகுதியான பணியாளர் எண்ணிக்கை முக்கியக் காரணமாகக் கூறப்பட்டது. ஊதியக் குறைப்பு, ஆட்குறைப்பு ஆகியவற்றுக்கு எதிராக ஆசிரியர்களும் ஊழியர்களும் போராடினர். அரசு நிதியுதவி பெறும் ஒரு பல்கலைக்கழகத்தில் நிறுவனர் குடும்பத்திற்கு வழிவழி உரிமை தொடரலாமா என்ற கேள்வி பொதுவெளியில் எழுந்தது. நிறுவனர் குடும்பத்தின் கொடையின்றி இந்நிறுவனமே தோன்றியிருக்காது என்ற எதிர்வாதமும் முன்வைக்கப்பட்டது.

2013 ஏப்ரலில் தமிழக அரசு இந்திய ஆட்சிப் பணி அதிகாரி ஒருவரைப் பல்கலைக்கழகத்தின் நிருவாகியாக அமர்த்தியது. அதே ஆண்டில் இயற்றப்பட்ட புதிய சட்டம் 1928 ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கிப் பல்கலைக்கழகத்தை அரசின் கட்டுப்பாட்டில் கொணர்ந்தது. நிறுவனர் குடும்பத்தின் இணைவேந்தர் உரிமை முடிவுக்கு வந்தது. மிகுதியான ஊழியர்கள் பலர் பின்னர் பிற அரசுக் கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் மாற்றப்பட்டனர்.

மருத்துவக் கல்லூரிக் கட்டணப் போராட்டம்

பல்கலைக்கழகம் அரசின் கீழ் வந்த பின்னரும் அதன் இராசா முத்தையா மருத்துவக் கல்லூரியில் பிற அரசு மருத்துவக் கல்லூரிகளைவிடப் பன்மடங்கு மிகுதியான கட்டணம் பெறப்பட்டது. இதனை எதிர்த்து மாணவர்கள் 2020 திசம்பரில் தொடங்கிய போராட்டம் ஐம்பது நாட்களுக்கு மேல் நீடித்தது. 2021 இன் தொடக்கத்தில் கல்லூரி உயர்கல்வித் துறையிலிருந்து மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு மாற்றப்பட்டு, கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியாக ஆக்கப்பட்டது. ஓர் அரசுக் கல்லூரியில் பயில்வோர் பிற அரசுக் கல்லூரியினரைவிட மிகுதியாகச் செலுத்துவது ஏன் என்ற ஒற்றைக் கேள்வியே இப்போராட்டத்தின் வலிமையாக அமைந்தது.

2021 ஆகத்தில் விழுப்புரத்திலிருந்த ஜெயலலிதா பல்கலைக்கழகத்தை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துடன் இணைக்கும் சட்டமுன்வடிவு சட்டமன்றத்தில் எதிர்க்கட்சியின் எதிர்ப்பிடையே நிறைவேறியது. இதன்மூலம் உறைவிடப் பல்கலைக்கழகமாகத் தோன்றிய நிறுவனம், வளாகத்திற்கு வெளியேயுள்ள கல்லூரிகளையும் இணைக்கும் அமைப்பாக மாறியது.

மதிப்பீடு

இப்பல்கலைக்கழகத்தின் விவாத மரபை ஆராயும்போது இரு கூறுகள் புலனாகின்றன. முதலாவது, அரங்கில் எதிரெதிர்க் கருத்துகளுக்கு இடமிருந்த காலத்தில் பல கட்சிகளுக்கும் தலைவர்கள் உருவாயினர். இரண்டாவது, அரங்கில் விடை கிட்டாத கேள்விகள் சாலைக்கு வந்தன; அங்கு தடியடியும் துப்பாக்கிச் சூடும் நிகழ்ந்தன. உறைவிட அமைப்பு விவாதத்தை வளர்த்தது போலவே, விடுதிகளை மூடி மாணவரை ஊருக்கு அனுப்புவதன்மூலம் விவாதத்தை நிறுத்தவும் இடமளித்தது.

மாணவர் பேரவைத் தேர்தல்கள் குறித்து ஆராய்ந்த இலிங்டோ குழு 2006 இல் அளித்த பரிந்துரைகளை இந்திய உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. கல்வி நிறுவனங்களில் மாணவர் சார்பாளர்கள் முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்பது அதன் அடிப்படைக் கருத்தாகும். கருத்துகளை அவையில் முன்வைக்க வழியிருப்பின் வீதியில் உயிரிழப்பைத் தவிர்க்கலாம் என்போர் தம் வாதத்திற்கு அண்ணாமலை நகரின் வரலாற்றைச் சான்றாகக் கொள்ள இடமுண்டு.