ஒரு கணினிக்கு ஐந்து மவுஸ்

குற்றால சீசனில் பேரருவிக்குப் போனவர்களுக்குத் தெரியும். தண்ணீர் எல்லோருக்கும் பொதுதான். ஆனால் முண்டியடித்து உள்ளே போனவர் தலையில்தான் அது விழும். ஓரமாக நிற்கும் சின்னப் பையனுக்குச் சாரல் மட்டும்தான்.

2000-களின் தொடக்கத்தில் நம் நாட்டு அரசுப் பள்ளிகளுக்குக் கணினி வந்தபோதும் இதே கதைதான். ஒரு கணினியைச் சுற்றி ஐந்தாறு பிள்ளைகள், மவுஸ் இருப்பதோ ஒன்று. அதைப் பிடித்தவன்தான் ராஜா! மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பவர்கள்.

பெங்களூரில் 2005-ல் தொடங்கப்பட்ட மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தின் உதய் சிங் பவாரும் கென்டாரோ டோயாமாவும், உடன் பணியாற்றிய ஜோயோஜீத் பாலும் கிராமப் பள்ளிகளில் இதைக் கவனித்தார்கள். அவர்கள் கண்ட வழி மிக எளிது. அதே கணினியில் ஐந்து மவுஸ்களைச் செருகினார்கள். திரையில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நிறத்தில் ஓர் அம்புக்குறி. ஐந்தருவி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஒரே தண்ணீர், ஐந்தாகப் பிரிந்து விழுகிறது. இதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை 2006-ல் வெளிவந்தது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. முதலில் அழுத்துபவருக்கே வெற்றி என்று விளையாட்டை அமைத்தபோது, பையன்கள் விடையை யோசிக்காமல் படபடவென்று அழுத்தினார்கள். எல்லோரும் ஒரே விடையைத் தேர்ந்தால்தான் அடுத்த கேள்வி வரும் என்று விதியை மாற்றியதும் பேச ஆரம்பித்தார்கள். "ஏல, அது இல்லலே" என்று நம்மூர்ப் பிள்ளைகள் சண்டை போடுவார்களே, அந்த மாதிரிப் பேச்சு. உண்மையான படிப்பு அதில்தான் நடக்கிறது. இந்த விதியைப் பிள்ளைகள் யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. அவர்கள் நடந்துகொண்ட விதமே அதைச் சொல்லிக் கொடுத்தது.

கொஞ்சம் பின்னோக்கிப் போவோம். 1999 ஜனவரியில் டெல்லி கல்காஜியில், ஒரு சேரிக்கும் என்.ஐ.ஐ.டி. அலுவலகத்துக்கும் நடுவில் இருந்த சுவரில் ஓட்டை போட்டு ஒரு கணினியைப் பதித்தார் சுகதா மித்ரா. சொல்லித்தர ஆசிரியர் யாரும் கிடையாது. பிள்ளைகள் தாங்களே கற்றுக்கொண்டார்கள் என்பது உலகம் முழுக்கப் பேசப்பட்டது. அதைவிடச் சுவையான சங்கதி ஒன்று உண்டு. அம்புக்குறிக்கு அவர்கள் வைத்த பெயர் 'சூயி', அதாவது ஊசி. காத்திருக்கச் சொல்லும் மணல் கடிகாரத்துக்கு 'டமரு', நம் உடுக்கை. மணல் கடிகாரத்தையே பார்த்திராத பிள்ளைக்கு அது வேறு எப்படித் தெரியும்?

அதே காலத்தில் அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் அலிசன் ட்ரூயின் ஒரு படி மேலே போனார். பள்ளி விட்டதும் சிறுவர்களை அழைத்து வந்து, பெரியவர்களோடு சரிசமமாக உட்கார வைத்து மென்பொருளை வடிவமைத்தார். குழந்தையை நான்கு விதமாகச் சேர்க்கலாம் என்பார் அவர்: பயன்படுத்துபவர், சோதித்துப் பார்ப்பவர், தகவல் சொல்பவர், வடிவமைப்பில் கூட்டாளி. கல்காஜிப் பிள்ளை பெரும்பாலும் முதல் படியிலேயே நின்றுவிட்டது.

இதை அப்படியே நம் நாட்டுக் கிராமத்தில் செய்துவிட முடியுமா? பெரியவர் முன்னால் "இது நல்லா இல்ல" என்று சொல்லிப் பழகாத பிள்ளையிடம் கருத்துக் கேட்டால் தலையைத்தான் ஆட்டும். மொபைல் போன் விளையாட்டு வழியாக ஆங்கிலம் கற்பிக்க முயன்ற பெர்க்லி பல்கலைக்கழக மாணவர் மேத்யூ காம் குழுவினர் வேறு வழி பார்த்தார்கள். வெளிநாட்டு பாணி விளையாட்டுகள் வட இந்தியக் கிராமப் பிள்ளைகளுக்குப் பிடிபடாதபோது, அவர்கள் தெருவில் ஆடும் 28 விளையாட்டுகளை ஆராய்ந்தார்கள். அந்த விதிகளை அடிப்படையாகக் கொண்டு போன் விளையாட்டுகளைத் திருத்தினார்கள். நம் பக்கத்துக் கிளித்தட்டும் பாண்டியும் இன்னும் அப்படி எந்தத் திரைக்குள் போயின?

தமிழ்நாட்டில் 2011 செப்டம்பரில் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியது. தென்காசிப் பக்கத்து மேல்நிலைப் பள்ளிகளுக்கும் பெட்டி பெட்டியாக வந்தன. உள்ளே என்ன இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் மேசையில் மாணவருக்கு நாற்காலி இல்லை. தயாரிப்பவர்கள் எங்கோ தூரத்தில் இருக்கிறார்கள் என்று அன்று சாக்குச் சொல்லியிருக்கலாம். அதே 2011-ல்தான் தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனம் அலுவலகம் திறந்தது. உலகம் பயன்படுத்தும் மென்பொருள் அங்கே எழுதப்படுகிறது. இலஞ்சியிலோ ஆய்க்குடியிலோ படிக்கும் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு அது டவுன் பஸ் தூரம்தான்.