சமூகப் பட்டறை: வரவு செலவு நிர்வாகம்
சமூகப் பட்டறை என்பது, வியன்னாவில் 2006இல் தொடங்கிய மெட்டாலாப் போல, உறுப்பினர் சந்தாவில் நடக்கும் பொதுக் கருவிக்கூடம். வாடகையும் மின்கட்டணமும் மாதந்தவறாத செலவுகள் என்பதால் அவற்றைச் சந்தாவே ஈடுகட்ட வேண்டும். நிச்சயமற்ற நன்கொடை கருவிக்கும் கையிருப்புக்கும் உரியது. லேசர் வெட்டுப்பொறியின் குழாய் ஓடும் நேரத்துக்கேற்பத் தேயும். நிமிடக் கட்டணம் வாங்கி மாற்றுக் குழாய்க்கு ஒதுக்காவிட்டால், அப்பொறியைத் தொடாத தச்சரும் அச்செலவைச் சுமப்பார்.

சந்தா உயர்ந்தால் எளியவர் விலகுவர் என்பது நியாயமான ஆட்சேபம். அவர்களுக்கு மட்டும் சலுகைச் சந்தா வைப்பதே தீர்வு. எல்லோருக்கும் குறைத்தால் வாடகை நிலுவையில் நிற்கும். வணிக நிறுவனமாக நடத்தினால் சிக்கல் தீரும் என்பாரும் உண்டு. ஆனால் அமெரிக்காவில் பல நகரங்களில் கிளை பரப்பிய வணிகப் பட்டறையான டெக்‌ஷாப் 2017 நவம்பரில் மூடப்பட்டது. உரிமை வடிவம் எதுவாயினும், நிலையான செலவை நிலையான வரவே தாங்கும்.