வாசல் குறுகிய இரண்டு பல்கலைக்கழகங்கள்

1995-ஆம் ஆண்டில் நின்றுகொண்டு, முப்பது ஆண்டுகள் கழித்து அமெரிக்காவில் இடம் கிடைப்பதே அரிதாகிவிடும் கல்லூரிகள் எவை என்று யாரையாவது கணிக்கச் சொல்லியிருந்தால், பாஸ்டனின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகம் அந்தப் பட்டியலில் இருந்திருக்காது. சிகாகோ பல்கலைக்கழகம் இருந்திருக்கும், ஆனால் தவறான காரணத்துக்காக. அன்று இரண்டிலும் விண்ணப்பித்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இடம் கிடைத்தது. இன்று இரண்டிலும் நூற்றுக்கு ஐந்தாறு பேருக்குத்தான் கிடைக்கிறது. புறப்பட்ட இடங்களுக்கு இடையே இருந்த தூரத்தையும், வந்து சேர்ந்த எண்களின் நெருக்கத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால், கல்லூரிகளின் ஏற்றத்தைக் கணிப்பது குறித்து நாம் நம்பிவரும் சில எண்ணங்கள் ஆட்டம் காண்கின்றன.

ஏற்றம் என்பது பொதுவிதி அல்ல என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். பொருளியலாளர் கரோலின் ஹாக்ஸ்பி 2009-இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கக் கல்லூரிகளில் குறைந்தது பாதி, மாணவர் தகுதியைப் பொறுத்தவரை 1960களைவிட இப்போது கெடுபிடி குறைந்தவை என்று காட்டினார். கெடுபிடி கூடியது உச்சியில் இருக்கும் பத்தில் ஒரு பங்குக்குத்தான். பயணமும் தகவலும் எளிதானதால் திறமையான மாணவர் வீட்டருகே இருக்கும் கல்லூரியோடு நிற்பதில்லை. ஆகவே கூட்டம் பரவவில்லை, சில வாசல்களில் குவிந்தது. அந்தச் சில வாசல்களுள் இவை இரண்டும் எப்படி இடம்பிடித்தன என்பதுதான் கேள்வி.

நார்த்ஈஸ்டர்ன் 1898-இல் பாஸ்டன் ஒய்.எம்.சி.ஏ.யின் மாலை வகுப்புகளாகத் தொடங்கியது. வேலைக்குப் போகிறவர்களும் நகரப் புறங்களிலிருந்து தினமும் வந்துபோகிறவர்களும் படித்த இடம் அது. சிகாகோ ராக்ஃபெல்லரின் பணத்தில் 1890-இல் நிறுவப்பட்டு, தொடக்கத்திலிருந்தே ஆராய்ச்சியையே உயிராகக் கொண்டது. அங்கே பேராசிரியர்களின் நோபல் பரிசுகள் குவிந்தன. ஆனாலும் ‘மகிழ்ச்சி சாக வரும் இடம்’ என்று மாணவர்களே டி-ஷர்ட்டில் அச்சிட்டு அணியும் அளவுக்கு இளங்கலை வாழ்க்கை வறண்டிருந்தது. புகழ் உச்சத்தில் இருந்தபோதே விண்ணப்பங்கள் குறைவாக வந்தன. அறிவுப் புகழ் மட்டும் கூட்டத்தைக் கொண்டுவராது என்பதற்குச் சிகாகோ சான்று. அது இல்லாமலும் கூட்டம் வரும் என்பதற்கு நார்த்ஈஸ்டர்ன் சான்று.

இரண்டுக்கும் 1990களில் ஒரு நெருக்கடி நேர்ந்தது. பள்ளியிறுதி முடிக்கும் மாணவர் எண்ணிக்கை நாடெங்கும் சரிந்திருந்த நேரத்தில், 1990-இல், நார்த்ஈஸ்டர்னுக்கு எதிர்பார்த்த முதலாண்டு மாணவர்கள் வரவில்லை. அவர்கள் தரும் கட்டணத்தையே நம்பியிருந்த நிறுவனத்துக்கு அது உயிர்ப் பிரச்சினை. தலைவர் ஜான் கரி எடுத்த முடிவு: சிறிதாவோம், மேலாவோம். மாணவர் தொகையையும் பணியிடங்களையும் வேண்டுமென்றே வெட்டினார்கள்.

சிகாகோவின் சிக்கல் வேறு. பட்ட மேற்படிப்பு மாணவர்கள் நிறைந்த பல்கலைக்கழகத்தில் இளங்கலைக் கல்லூரி ஒரு சிறிய ஒட்டுத்திண்ணையாக இருந்தது, வருவாய் போதவில்லை. தலைவர் ஹியூகோ சொனன்ஷைன் எடுத்த முடிவு நேர்மாறானது: பெரிதாவோம். 1996-இல் இளங்கலை மாணவர் எண்ணிக்கையைப் பத்தாண்டுகளில் 4,500 ஆக உயர்த்தும் திட்டத்தை அறிவித்தார். கூடவே புகழ்பெற்ற அடிப்படைப் பாடத்திட்டத்தையும் கொஞ்சம் குறைத்தார்கள். மாணவர்களும் பழைய மாணவர்களும் பொங்கி எழுந்தார்கள். 2000-இல் அவர் பதவியை விட்டார். திட்டம் மட்டும் நின்றுவிடவில்லை. இன்று கல்லூரியில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் படிக்கிறார்கள்.

ஒன்று சுருங்கி ஏறியது, மற்றது விரிந்து ஏறியது என்பது எனக்கு மிகவும் பிடித்த முரண். இடங்களைக் குறைத்தால் மதிப்பு கூடும் என்று பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு, சிகாகோவுக்கு முன் நிற்காது. வாசலைக் குறுக்கியது இடங்களின் எண்ணிக்கையைவிட வாசலில் நின்றவர்களின் எண்ணிக்கை. அதைப் பெருக்கும் வேலையில் இரண்டும் வியக்கத்தக்க அளவுக்கு ஒன்றுபோலவே நடந்துகொண்டன.

1996-இல் நார்த்ஈஸ்டர்ன் தலைவரான ரிச்சர்ட் ஃப்ரீலண்ட், யு.எஸ். நியூஸ் இதழின் கல்லூரித் தரவரிசையில் 162-ஆம் இடத்திலிருந்த தம் பல்கலைக்கழகத்தை முதல் நூறுக்குள் கொண்டுவருவதாகச் சபதம் பூண்டார். தரவரிசையின் சூத்திரத்தையே பிரித்துப் படித்தார்கள். இருபது பேருக்கும் குறைவான வகுப்புகளுக்கு மதிப்பெண் உண்டு என்பதால் பல வகுப்புகளில் 19 பேருக்கு மேல் சேர்க்கவில்லை. விடுதிகள் கட்டினார்கள். பல கல்லூரிகளுக்கு ஒரே படிவத்தில் விண்ணப்பிக்க வழிசெய்யும் காமன் அப்ளிகேஷனில் சேர்ந்தார்கள். 2006-இல் 98-ஆம் இடம் கிடைத்தது. அதே ஆண்டில் அவர் தலைவர் பதவியிலிருந்து விலகினார்.

சிகாகோ தன் விண்ணப்பத்துக்கு ‘அன்காமன் அப்ளிகேஷன்’ என்றே பெயர் வைத்திருந்தது. விசித்திரமான கட்டுரைத் தலைப்புகளைப் பார்த்து மிரளாதவன் மட்டுமே வரட்டும் என்ற பெருமிதம் அதில் இருந்தது. 2008-09 சேர்க்கைப் பருவத்தில் அதுவும் காமன் அப்ளிகேஷனுக்கு மாறியது, மாணவர்கள் எதிர்த்துப் பார்த்தும் பயனில்லை. விசித்திரத் தலைப்புகள் இணைப்புக் கட்டுரையாக மட்டும் தங்கின. 2009-இல் ஜேம்ஸ் நாண்டார்ஃப் சேர்க்கைப் பொறுப்பை ஏற்ற பிறகு வேகம் கூடியது. அந்த ஆண்டு சுமார் 13,500 ஆக இருந்த விண்ணப்பங்கள் 2013-இல் 30,000-ஐத் தாண்டின, ஏற்பு விகிதம் ஒன்பது விழுக்காட்டுக்குக் கீழே இறங்கியது. நான்கே ஆண்டுகளில் அங்கே வகுப்பறையில் என்ன மாறியிருக்க முடியும்? மாறியது விண்ணப்பிப்பதன் எளிமையும், விண்ணப்பிக்கச் சொல்லி வீடு தேடி வந்த அழைப்புகளும்.

ஆனாலும் படிவத்தை எளிதாக்கிய கல்லூரிகள் எல்லாம் ஏறிவிடவில்லை. வாசலைத் திறப்பவர்களிடம் வேறெங்கும் எளிதில் கிடைக்காத ஒரு பொருள் இருக்க வேண்டும். நார்த்ஈஸ்டர்னிடம் 1909 முதல் கோ-ஆப் இருந்தது. சில மாதம் படிப்பு, சில மாதம் சம்பளத்துக்கு முழுநேர வேலை என்ற அந்த முறை, ஏழை மாணவன் கட்டணம் கட்டுவதற்கான வழியாக வளர்ந்தது. 2008 பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு, அதே முறை வசதியான வீட்டுப் பெற்றோரின் கண்ணுக்கு வேலை உத்தரவாதமாகத் தெரிந்தது. சிகாகோவிடம் இருந்தது வாதமும் மூலநூல் வாசிப்பும் நிறைந்த அடிப்படைப் பாடத்திட்டம். கடினம் என்று ஒரு காலத்தில் அஞ்சி ஒதுக்கப்பட்டது, போட்டி மிகுந்த தலைமுறைக்கு அணிகலனாகிவிட்டது. கணிப்பவர்கள் புதிதாகக் கட்டப்படும் கட்டடங்களைப் பார்க்கிறார்கள். இந்த இரு இடங்களிலும் முளைத்தது நூற்றாண்டுப் பழைய விதை.

யாரும் எதிர்பாராத இன்னோர் உறவு விளையாட்டில் இருக்கிறது. அமெரிக்கக் கால்பந்தாட்ட வெற்றி விண்ணப்பங்களைக் கொட்டவைக்கும் என்ற கோட்பாட்டுக்கு, 1984-இல் பாஸ்டன் காலேஜுக்கு வெற்றி தேடித்தந்த டக் ஃப்ளூட்டியின் பெயரையே வைத்திருக்கிறார்கள். அந்த பாஸ்டன் காலேஜுக்கு அண்டையிலுள்ள நார்த்ஈஸ்டர்ன், 2009-இல் தன் கால்பந்து அணியைக் கலைத்துவிட்டது. சிகாகோவோ 1939-இலேயே, ராபர்ட் ஹட்சின்ஸ் தலைமையில், பெரிய அரங்கப் போட்டியிலிருந்து விலகியது. பின்னர் சிறிய அளவில்தான் திரும்பியது. ஆட்டத்தைக் கைவிட்ட இருவரும் ஏறினார்கள் என்பது கோட்பாட்டைப் பொய்யாக்காது. ஆனால் அது தேவையான நிபந்தனை அல்ல என்று காட்டிவிடுகிறது. இரண்டும் பெருநகரத்துக்குள் இருப்பது அதைவிட அதிகம் உதவியிருக்கும் என்பது என் எண்ணம்.

ஏறிய பிறகு நிலைப்பது எப்படி? இங்கேதான் பாதைகள் பிரிகின்றன. இடம் கிடைத்தால் சேர்ந்தே தீர்வேன் என்று முன்கூட்டியே வாக்களிக்கும் ஏர்லி டிசிஷன் முறையை இரண்டுமே ஒன்றுக்கு மேற்பட்ட சுற்றுகளாக நடத்துகின்றன. சிகாகோவில் இடம் பெற்றவர்களில் எண்பது விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் சேர்ந்துவிடுகிறார்கள். சேர்வது உறுதியானால் குறைவாகவே அழைத்தால் போதும், ஏற்பு விகிதம் தானாகத் தாழும். நார்த்ஈஸ்டர்ன் இத்துடன் வேறொரு கதவும் வைத்திருக்கிறது: 2007-இல் தொடங்கிய என்.யு.இன் திட்டத்தில் ஒரு பகுதி மாணவர்கள் முதல் பருவத்தை வெளிநாட்டில் தொடங்குகிறார்கள். 2022-இல் மில்ஸ் கல்லூரியை இணைத்துக்கொண்டு கலிபோர்னியாவின் ஓக்லண்டிலும் வளாகம் பெற்றது. ஆகவே பாஸ்டன் வாசலின் விகிதம், மாணவர் முழுத்தொகையின் கதையைச் சொல்வதில்லை. சிகாகோ விகிதத்தையும் அப்படியே வாசிக்க முடியாது, ஆனால் அங்கே ஒளிவு முன்வாக்கில் இருக்கிறது, வளாகங்களில் இல்லை.

2023-இல் யு.எஸ். நியூஸ் தன் சூத்திரத்தை மாற்றி, வகுப்பின் அளவை நீக்கியபோது ஒரு சோதனை தானாகவே நடந்தது. நார்த்ஈஸ்டர்ன் 44-இலிருந்து 53-க்கும், சிகாகோ 6-இலிருந்து 12-க்கும் சரிந்தன. நார்த்ஈஸ்டர்னுக்கு வரும் விண்ணப்பங்களோ 90,000-க்கு மேலேயே நீடிக்கின்றன. ஏற உதவிய ஏணியை எடுத்த பிறகும் இருவரும் மேலேயே இருக்கிறார்கள்.

அமெரிக்காவில் 2007-க்குப் பின் பிறப்புகள் குறைந்துவிட்டதால், கல்லூரி வயதை எட்டுவோர் எண்ணிக்கை இந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் சரியத் தொடங்குகிறது. 1990-இல் நார்த்ஈஸ்டர்னை உலுக்கிய அதே காற்று மறுபடியும் வீசும். உச்சிக் கல்லூரிகளின் தேவை குறையாது, வடகிழக்கின் வட்டாரக் கல்லூரிகள்தான் தள்ளாடும் என்று பொருளியலாளர் நேதன் க்ராவ் 2018-இல் எழுதினார். அந்த உச்சியில் இப்போது இரண்டும் இருக்கின்றன. ஆனால் சுமைகள் ஒன்றல்ல. சிகாகோ பல பில்லியன் டாலர் கடனிலும் தொடர் பற்றாக்குறையிலும் இருக்கிறது. 2025-இல் கலை, மானுடப்புலத் துறைகள் பலவற்றில் முனைவர் பட்டச் சேர்க்கையைக் குறைத்தும் நிறுத்தியும் வைத்தது. எந்த ஆராய்ச்சிப் புகழுக்காகத் தொடங்கப்பட்டதோ, அதன் செலவை இளங்கலைக் கூட்டம் தாங்க முடியாத கட்டம் இது. நார்த்ஈஸ்டர்னின் கதி வேலைச் சந்தையோடு கட்டப்பட்டிருக்கிறது. தொடக்கநிலை வேலைகளை இயந்திரங்கள் செய்யத் தொடங்கினால் கோ-ஆப்பின் கவர்ச்சி முதலில் அடிபடும். அடுத்த பத்தாண்டில் இருவரில் யாருடைய வாசல் சற்று அகலும் என்று கேட்டால், நான் நார்த்ஈஸ்டர்ன் பக்கமே சாய்வேன். முன்வாக்கு இருக்கும்வரை சிகாகோ தன் விகிதத்தைத் தன் கையிலேயே வைத்துக்கொள்ளும். கோ-ஆப்புக்கு வேலை தருவது வெளியே இருக்கும் நிறுவனங்கள்.