கடலில் இட்ட கல் வரப்பு

2019ஆம் ஆண்டில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான கள்ளக்குறிச்சிக்குக் கடற்கரை இல்லை. ஆயினும் கடலுக்கும் நமக்கும் தொடர்பு உண்டு. கல்வராயன் மலையில் பிறக்கும் கோமுகி ஆறு மணிமுத்தாற்றோடு கூடி, வெள்ளாற்றில் கலந்து, பரங்கிப்பேட்டையருகே கடலைச் சேர்கிறது. நம் மலையில் கரையும் மண் இவ்வழியே கடல் நோக்கிச் செல்கிறது. அம்மண்ணைத் தடுக்கச் சரிவின் குறுக்கே கல் வரப்பு இடுவது உழவர் அறிந்த முறை. நீரின் வேகம் தணியும், மண் தங்கும். இம்முறையை ஒத்ததொரு முயற்சி தெற்கே கடல் நடுவில் ஒரு தீவைக் காத்த வரலாற்றை இன்று காண்போம்.

இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையே, மன்னார் வளைகுடாவில் 21 சிறு தீவுகள் இருந்தன. அவற்றைச் சூழ்ந்து நிற்பவை பவளப்பாறைகள். காண்பதற்குக் கல்லே எனினும், அவை உயிர்கள் கட்டிய மாளிகைகள். கடல்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் கொண்டு நுண்ணுயிர் போன்ற சிறு பிராணிகள் தலைமுறை தலைமுறையாக எழுப்பியவை. மீன்கள் அங்கே குஞ்சு பொரித்து வளர்கின்றன. கரையை நோக்கி வரும் அலையும் அங்கே வலிமை இழக்கிறது.

அந்தச் சுண்ணாம்பே பாறைகளுக்குப் பகையாயிற்று. சுண்ணாம்புக் காளவாய்களுக்காகவும் கட்டடங்களுக்காகவும் பவளக்கற்கள் பல்லாண்டுகள் பெயர்த்தெடுக்கப்பட்டன. தடை நீங்கவே, அலை தீவுகளின் மணலை அரித்தது. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்னும் இரு தீவுகள் நீருள் மறைந்தன. தூத்துக்குடியை அடுத்த வான் தீவு 1986இல் ஏறத்தாழ 16 ஹெக்டேர், அதாவது 40 ஏக்கர் பரப்புடையதாக இருந்தது. 2014இல் எஞ்சியது ஏறத்தாழ 2 ஹெக்டேர். ஒரு சிறு குடியானவரின் நிலத்தளவே.

1986இல் இக்கடற்பகுதி தேசியப் பூங்காவாயிற்று. 2001இல் பாறை கட்டும் பவளங்களுக்கு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் காவல் கிடைத்தது. சட்டம் எடுப்பவர் கையைத் தடுத்தது. எடுத்த பாறையை மீட்டுத் தர அதனால் இயலவில்லை. ஆகவே 2015 முதல் வேறொரு வழி மேற்கொள்ளப்பட்டது. தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனமும் சென்னை ஐ.ஐ.டி.யும் இணைந்து, துளைகள் கொண்ட கான்கிரீட் கட்டமைப்புகளை வடிவமைத்தன. அரசின் ஆதரவோடு பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவை வான் தீவின் அருகே கடலடியில் வரிசையாக இறக்கப்பட்டன.

பயன் யாது? அலையின் வேகம் தணிந்தது; அரிப்புக் குறைந்து, மணல் மீண்டும் சேரலாயிற்று. துளைகளில் மீன்கள் புகலிடம் கண்டன. கான்கிரீட்டின்மேல் இளம் பவளங்கள் பற்றி வளர்ந்தன. இதன் பயன் கண்டு, அருகிலுள்ள காரைச்சல்லித் தீவையும் இவ்வாறே காக்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2025இல் மேற்கொண்டது.

ஆயினும், கடலில் எதைப் போட்டாலும் அது பாறையாகிவிடும் என எண்ணலாகாது. அமெரிக்காவில் புளோரிடா கடற்கரையையொட்டி 1972இல் ஏறத்தாழ 20 இலட்சம் பழைய டயர்களைக் கட்டி இறக்கினர். கட்டுகள் அறுந்தன, டயர்கள் அலையில் உருண்டு இயற்கைப் பவளத்தையே சிதைத்தன. அவற்றை வெளியே எடுக்கும் பணி பின்னர் பல ஆண்டுகள் நீடித்தது. பொருளும் வடிவமும் இடமும் ஆராய்ந்து செய்யாத உதவி கேடாக முடிந்தது.

நன்கு செய்த பாறைக்கும் எல்லை உண்டு. 2016இல் கடல்நீர் மிகுதியாக வெப்பமுற்றபோது மன்னார் வளைகுடாவின் பவளங்கள் வெளிறின, பல மடிந்தன. கான்கிரீட் அலையைத் தடுக்கும், வெப்பத்தைத் தடுக்காது. பவளத்தின்மேல் படிந்து அதனை மூச்சுத் திணறச் செய்யும் சேற்றையும் தடுக்காது.

மாணவர்களே! பெயர்த்தெடுக்கக் கடப்பாரையும் படகும் போதுமானவையாக இருந்தன. மீட்பதற்கோ ஆராய்ச்சி நிலையங்களும் அரசின் பெருஞ்செலவும் பல்லாண்டு உழைப்பும் வேண்டியிருந்தன. அவ்வளவு செய்தும் பழைய தீவின் ஒரு சிறு பகுதியே நம்மிடம் இருக்கிறது. கல்வராயன் மலையின் காட்டையும் கோமுகியின் கரையையும் இருக்கும்போதே காப்பது எத்துணை எளிது என்பதை வான் தீவின் வரலாற்றிலிருந்து நாம் அறிந்துகொள்வோமாக.