காலாவதித் தேதி இல்லாத பந்தயம்

அரிஸ்டாட்டில் எழுதிய இரண்டு நூல்களில் தேலீஸ் என்னும் முன்னோடித் தத்துவ ஞானி இரண்டு விதமாக வருகிறார். அரசியலைப் பற்றிய நூலில் அவர் கெட்டிக்கார வியாபாரி. வருகிற பருவத்தில் ஆலிவ் விளைச்சல் அமோகமாக இருக்கும் என்று கணித்து, குளிர்காலத்திலேயே மிலேட்டஸ், கியோஸ் ஊர்களில் உள்ள எண்ணெய்ச் செக்குகளுக்கெல்லாம் சிறு முன்பணம் கொடுத்துவிடுகிறார். அறுவடை வந்ததும் எல்லோரும் செக்கைத் தேடி ஓட, தன் விலைக்கு வாடகைக்கு விட்டுப் பணம் பார்க்கிறார். வானத்தைப் பற்றிய இன்னொரு நூலிலோ, பூமி ஒரு மரக்கட்டை போலத் தண்ணீரில் மிதக்கிறது என்று சொன்னவராக அதே தேலீஸ் வருகிறார். அந்த நூலிலேயே அரிஸ்டாட்டில், சந்திர கிரகணத்தின்போது நிலவின் மேல் விழும் பூமியின் நிழல் எப்போதும் வட்டமாக இருப்பதையும், எகிப்திலும் சைப்ரஸிலும் தெரியும் சில நட்சத்திரங்கள் வடக்கே போனால் தெரியாமல் போவதையும் காட்டிப் பூமி உருண்டை என்று நிறுவுகிறார்.

செக்குக் கதையை ஆப்ஷன் வணிகத்தின் முதல் பதிவு என்று நிதித்துறைப் புத்தகங்கள் மேற்கோள் காட்டுவதுண்டு. பகலில் நிரல் எழுதிவிட்டு மாலையில் ஆப்ஷன் விலைகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் எனக்கு, இந்த இரண்டு விஷயங்களும் ஒரே மனிதரிடம் சந்திப்பது வேடிக்கையாக இருந்தது. இன்னும் கொஞ்சம் படித்தபோது இவை மறுபடியும் ஒரு தடவை, இங்கிலாந்தில் ஒரு கால்வாய்க் கரையில், சந்தித்திருப்பது தெரிந்தது. அந்தக் கதையைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு முன் ஆப்ஷன் பற்றிச் சில வரிகள்.

உரிமையும் கடமையும்

ஆப்ஷன் என்பது ஓர் உரிமை. ஒரு பங்கு இன்று 100 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு குறிப்பிட்ட தேதிவரை அதை 110 டாலருக்கு வாங்கிக்கொள்ளும் உரிமையை நான் உங்களுக்கு விற்கிறேன். இதன் பெயர் கால் ஆப்ஷன். விற்கும் உரிமையாக இருந்தால் அது புட் ஆப்ஷன். உரிமைக்கு நீங்கள் தரும் விலை பிரீமியம். பங்குக்கு 2 டாலர் வீதம், 100 பங்குகள் கொண்ட ஒரு ஒப்பந்தத்துக்கு 200 டாலர்.

பங்கு 110-ஐத் தாண்டவில்லை என்றால் உங்கள் 200 டாலர் போய்விடும். அதற்குமேல் ஒரு சென்ட்கூடப் போகாது. பங்கு 150-க்குப் போனால், பங்குக்கு 40 டாலர் வீதம் 4000 டாலரை நான் உங்களுக்கு ஈடுகட்ட வேண்டும். பிரீமியம் போக என் நஷ்டம் 3800 டாலர். 300-க்குப் போனால்? கையில் பங்கு இல்லாமல் வெறுங்கையோடு கால் விற்றவனுக்கு லாபத்தில் உச்சவரம்பு உண்டு, நஷ்டத்தில் கிடையாது. வாங்கியவனிடம் உரிமை இருக்கிறது, விற்றவனிடம் கடமை மட்டுமே இருக்கிறது. ஆப்ஷன் கற்றுக்கொள்பவர்கள் முதலில் மனதில் இருத்த வேண்டிய பாடம் இதுதான்.

பெட்ஃபோர்டு கால்வாய்

இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் பழைய பெட்ஃபோர்டு ஆறு என்ற பெயரில் வெட்டப்பட்ட ஒரு கால்வாய் இருக்கிறது. அதில் ஆறு மைல் நீளத்துக்கு வளைவே இல்லாத ஒரு நேர்கோட்டுப் பகுதி. 1838-ல் சாமுவேல் ரோபாதம் என்பவர் அங்கே நீரில் இறங்கி, கண் நீர்மட்டத்துக்கு எட்டு அங்குலம் மேலே இருக்கும்படி நின்று, ஐந்தடி உயரக் கொடி கட்டிய படகு ஒன்று விலகிப் போவதைத் தொலைநோக்கியால் பார்த்தார். ஆறு மைல் போன பிறகும் கொடி தெரிந்தது என்று எழுதினார். ஆகவே நீர்ப்பரப்பு தட்டை, பூமியும் தட்டை.

நில அளவையாளர்களிடம் இதற்கு ஒரு சுலபமான வாய்ப்பாடு உண்டு. தூரத்தை மைலில் எடுத்து, அதன் வர்க்கத்தை எட்டால் பெருக்கினால் பூமியின் வளைவால் ஏற்படும் இறக்கம் அங்குலத்தில் கிடைக்கும். எட்டு அங்குல உயரக் கண்ணுக்குத் தொடுவானம் ஒரு மைலில் வந்துவிடும். மிச்சம் ஐந்து மைல். ஐந்தின் வர்க்கம் 25. எட்டால் பெருக்கினால் 200 அங்குலம், அதாவது பதினாறரை அடிக்குமேல். ஐந்தடிக் கொடி தெரிந்திருக்கக் கூடாது. அப்படியானால் ரோபாதம் பொய் சொன்னாரா? அப்படிச் சொல்லத் தேவையில்லை. குளிர்ந்த நீரை ஒட்டிய காற்று அடர்த்தியாகவும் அதற்கு மேலுள்ள காற்று அடர்த்தி குறைந்தும் இருக்கும்போது ஒளிக்கதிர் பூமியின் வளைவைப் பின்பற்றிக் கீழ்நோக்கி வளையும். நீர்மட்டத்துக்கு மிக அருகே பார்ப்பவருக்கு மறைந்திருக்க வேண்டியதும் தெரியும். நில அளவையாளர்களுக்கு இது புதிதல்ல. 1802-ல் சென்னை பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து லாம்டன் தொடங்கிய பெரும் நில அளவையின் கணக்குகளில் பூமியின் வளைவும் ஒளிவிலகலும் சேர்த்தே திருத்தப்பட்டன.

ரோபாதத்தின் சீடர் ஜான் ஹாம்ப்டன் 1870 தொடக்கத்தில் ஒரு சவால் விட்டார். நீர்ப்பரப்பு வளைந்திருக்கிறது என்று நிரூபிப்பவருக்கு 500 பவுன். அன்றைய கூலித் தொழிலாளி ஒருவரின் பல ஆண்டுச் சம்பளம் அது. சவாலை ஏற்றவர் சாதாரண ஆளில்லை. டார்வினோடு சேர்ந்து இயற்கைத் தேர்வுக் கொள்கையை உலகுக்கு அறிவித்த ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ். இளமையில் நில அளவை வேலை பார்த்தவர். நிலையான வருமானம் இல்லாதவர். நிலவியல் அறிஞர் சார்லஸ் லயலிடம் யோசனை கேட்டார். இதை ஒருமுறை தெளிவாகக் காட்டிவிட்டால் இந்தப் பேச்சு நிற்கும் என்று லயல் ஊக்கம் கொடுத்தார். இருவரும் ஆளுக்கு 500 பவுன் கட்ட, தி ஃபீல்ட் பத்திரிகையின் ஆசிரியர் வால்ஷ் பணத்தை வைத்துக்கொண்டார்.

வாலஸின் ஏற்பாடு மிக எளிமையானது. பாலத்தின் கைப்பிடிச் சுவர் நீரிலிருந்து பதின்மூன்றடிக்குச் சற்று மேலே. தொலைநோக்கி அந்த உயரத்தில். ஆறு மைல் தள்ளி இருந்த பாலத்தில் அதே உயரத்தில் கறுப்புப் பட்டை போட்ட வெள்ளைத் துணி. நடுவில், மூன்று மைலில், ஒரு கம்பம். அதன் உச்சியில் அதே உயரத்தில் ஒரு சிவப்பு வட்டு. நீர் தட்டையானால் மூன்றும் ஒரே கோட்டில் தெரிய வேண்டும். வளைந்திருந்தால் நடு வட்டு மேலே தூக்கித் தெரிய வேண்டும்: மூன்றின் வர்க்கம் ஒன்பது, எட்டால் பெருக்கினால் 72 அங்குலம், ஆறடி. ஒளிவிலகலுக்குக் கழித்தால் ஐந்தடி. கண் உயரம் பதின்மூன்றடி ஆனதால் நீரை ஒட்டிய காற்றின் விளையாட்டு பெரும்பாலும் விலகிவிட்டது. ரோபாதத்தின் சோதனைக்கும் இதற்கும் உள்ள முக்கிய வேறுபாடு இதுதான்.

1870 மார்ச் 5 அன்று பார்த்தார்கள். நடு வட்டு தூக்கியே தெரிந்தது. ஹாம்ப்டனின் நடுவர் கார்ப்பெண்டர் என்பவரும் தட்டைப் பூமிக்காரர். மட்டத் தொலைநோக்கியின் குறுக்குக் கம்பிக்கு எவ்வளவு கீழே நடு வட்டு தெரிந்ததோ, நடு வட்டுக்கு அவ்வளவே கீழே தூரத்து அடையாளம் தெரிந்ததால், மூன்றும் நேர்கோட்டில் இருக்கின்றன, நாங்கள்தான் வென்றோம் என்று அவர் அறிவித்தார். ஹாம்ப்டன் தொலைநோக்கி வழியே பார்க்கவே மறுத்துவிட்டதாக வாலஸ் தன் சுயசரிதையில் எழுதுகிறார். வால்ஷ் வாலஸுக்குத் தீர்ப்பளித்துப் பணத்தைக் கொடுத்தார்.

வாலஸ் விற்ற ஆப்ஷன்

பந்தயம் அங்கே முடியவில்லை. ஹாம்ப்டன் வாலஸைத் திருடன், மோசடிக்காரன் என்று ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள் எழுதித் தள்ளினார். வாலஸ் அங்கம் வகித்த சங்கங்களின் தலைவர்களுக்கும், அக்கம்பக்கத்தாருக்கும் கடிதங்கள் போயின. வாலஸின் எலும்புகள் நொறுக்கப்படும் என்ற மிரட்டல் அவர் மனைவிக்கே வந்தது. வாலஸ் அவதூறு வழக்குப் போட்டு 600 பவுன் நஷ்டஈடு பெற்றார். ஆனால் ஹாம்ப்டன் தன் சொத்துகளை மாற்றி எழுதிவிட்டிருந்ததால் பணம் வரவில்லை. 1875-ல் ஹாம்ப்டன் சிறை சென்றார். வெளியே வந்தும் ஓயவில்லை. 1876-ல் நீதிமன்றம், 1845-ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டப்படி பந்தயமே செல்லாது என்றும், பணம் கைமாறும் முன்பே ஹாம்ப்டன் திருப்பிக் கேட்டிருந்ததால் அவருடைய 500 பவுனை அவருக்குக் கொடுத்தாக வேண்டும் என்றும் தீர்ப்புச் சொன்னது. அந்தச் சுமையும் வழக்குச் செலவும் கடைசியில் வாலஸ் தலையில்தான் விழுந்தன. சோதனையில் வென்றவர் பல நூறு பவுன் இழந்தார்.

மேலே சொன்ன ஆப்ஷன் கணக்கை இதில் பொருத்திப் பாருங்கள். வாலஸின் அதிகபட்ச லாபம் 500 பவுன். நஷ்டத்துக்கு எல்லையே இல்லை: பணம், பெயர், வேலை நேரம், மனைவியின் நிம்மதி. ஹாம்ப்டனின் அதிகபட்ச பண நஷ்டம் 500 பவுன். அதுவும் திரும்பி வந்துவிட்டது. வாலஸ் தெரியாமலே வெறுங்கையோடு ஒரு கால் ஆப்ஷன் விற்றிருக்கிறார்! அவருக்கு இயற்பியல் தெரியும். எதிராளி தோல்வியை ஒப்புக்கொள்வானா என்பதற்கு இயற்பியலில் சூத்திரம் கிடையாது.

சந்தை இந்தப் பிரச்சனையை எப்படித் தீர்க்கிறது? 1973 ஏப்ரல் 26 அன்று சிகாகோவில் 16 பங்குகளின் கால் ஆப்ஷன்களோடு ஒழுங்குபடுத்தப்பட்ட முதல் ஆப்ஷன் சந்தை தொடங்கியது. அங்கே வாங்குபவரும் விற்பவரும் நேருக்கு நேர் நிற்பதில்லை. இருவருக்கும் நடுவில் ஒரு தீர்வகம் நிற்கிறது. விற்பவர் ஈட்டுத்தொகை கட்ட வேண்டும். நிலைமை மோசமானால் மேலும் கட்ட வேண்டும். எல்லாவற்றையும் விட முக்கியம், ஒவ்வொரு ஆப்ஷனுக்கும் ஒரு காலாவதித் தேதி உண்டு. அன்றைய விலை என்னவோ அதுதான் தீர்ப்பு. சந்தை முட்டாள்தனமாக நடந்துகொண்டது, விலை பொய், நான் நினைத்ததே சரி என்று தோற்றவர் எவ்வளவு வாதாடினாலும் கணக்கிலிருந்து பணம் போய்விடும்.

தட்டைப் பூமி வாதத்தில் இல்லாதது இந்தத் தேதிதான். அதனால்தான் அது சாவதில்லை. 2018-ல் வெளிவந்த 'பிஹைண்ட் தி கர்வ்' என்னும் ஆவணப்படத்தில் தட்டைப் பூமிக்காரர்கள் 20,000 டாலர் கொடுத்து லேசர் சுழல்மானி ஒன்றை வாங்குகிறார்கள். அது மணிக்கு 15 பாகை நகர்வைக் காட்டுகிறது. ஒரு நாளைக்கு 360 பாகை, பூமியின் சுழற்சியேதான். அவர்கள் அதை ஏற்கவில்லை. அந்த அளவைத் தவிர்க்க வேறு வழி தேடினார்கள். காலாவதி ஆன ஆப்ஷனை அடுத்த மாதத்துக்குத் தள்ளிக்கொண்டே போவது போல.

என் அலுவலகத்தில் ஒரு தமிழ் நண்பர் இருக்கிறார். ஆப்ஷன் விற்பதில் என்னைவிடக் கவனமானவர்; நஷ்டம் இத்தனை டாலரைத் தொட்டால் வெளியே வந்துவிட வேண்டும் என்று முன்பே எழுதி வைத்துக்கொள்பவர். அவரும் பூமி தட்டை என்கிறார். இதை நான் சிரித்துவிட்டு விட்டிருப்பேன். ஆனால் ஆறாம் வகுப்பில் படிக்கும் அவர் மகள் ஒரு நாள், "மாமா, அப்பா சொல்றதும் டீச்சர் சொல்றதும் வேற வேறயா இருக்கே, பரீட்சையில எதை எழுதறது?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு சிரிக்க முடியவில்லை. அவரிடம் பூமியைப் பற்றிப் பேசவில்லை. "இதற்கு உங்கள் வெளியேறும் விலை என்ன? என்ன பார்த்தால் மனதை மாற்றிக்கொள்வீர்கள்? முன்கூட்டியே எழுதித் தாருங்கள்" என்று மட்டும் கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார். இன்னும் யோசிக்கிறார்.

ஒரு குடும்பச் சோதனை

அவருக்காக நான் எழுதி வைத்திருக்கும் சோதனை இது. புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்களுக்கென்றே அமைந்தது. பகலும் இரவும் சமமாகும் மார்ச் அல்லது செப்டம்பர் நாளில், சென்னை, டொராண்டோ, ஆஸ்லோ மூன்று ஊர்களிலும் உறவினர்கள் ஒரு மீட்டர் குச்சியைச் செங்குத்தாக நட்டு, நிழல் மிகக் குட்டையாகும் நேரத்தில் அதன் நீளத்தை அளக்க வேண்டும். அன்று சூரியன் பூமத்திய ரேகைக்கு நேர் மேலே. சென்னையில் நிழல் சுமார் 23 சென்டிமீட்டர், டொராண்டோவில் 96, ஆஸ்லோவில் 172 இருக்கும்.

எரட்டோஸ்தனீஸ் செய்தது போல இரண்டு ஊர்களை மட்டும் எடுத்தால், பூமி தட்டை, சூரியன்தான் பக்கத்தில் இருக்கிறது என்று தப்பித்துவிடலாம். மூன்று ஊர்களில் அது நடக்காது. பூமி தட்டையானால், பூமத்திய ரேகையிலிருந்து ஊரின் தூரத்தை மீட்டரில் உள்ள நிழல் நீளத்தால் வகுத்தால் சூரியனின் உயரம் வரும். சென்னையின் தூரம் 1450 கிலோமீட்டர். சூரியன் 6300 கிலோமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். டொராண்டோ 4860, உயரம் 5100. ஆஸ்லோ 6660, உயரம் 3900. ஒரே சூரியன் ஒரே நாளில் மூன்று உயரங்களில் இருக்க முடியாது. பூமியை உருண்டை என்று எடுத்துக்கொண்டால் மூன்று ஊர்களும் ஒரே விடையைத் தருகின்றன: சுற்றளவு சுமார் 40,000 கிலோமீட்டர்.

இப்படிக் கேட்பதால் பயன் உண்டா? உண்டு என்பதற்கு ஒரு சான்று இருக்கிறது. அமெரிக்காவின் கொலராடோவைச் சேர்ந்த வில் டஃபி என்ற பாதிரியார் 2024 டிசம்பரில் இரு தரப்பினரையும் அண்டார்டிகாவுக்கு அழைத்துப் போனார். பனிப்பாளம் பூமியின் விளிம்பைச் சுற்றிய வேலி என்றால் அங்கே 24 மணி நேரமும் சூரியன் தெரிய வழியில்லை. இடம், தேதி, கேள்வி எல்லாம் முன்பே முடிவாகியிருந்தன. சூரியன் மறையவில்லை. மேலே சொன்ன ஆவணப்படத்தில் வேறொரு சோதனையில் தோற்றும் அசையாத ஜெரன் காம்பனெல்லா, 24 மணி நேரச் சூரியன் உண்மைதான், தான் நினைத்திருந்தது தவறு என்று அங்கே நின்று சொன்னார். பூமி உருண்டை என்று சொல்லும் அளவுக்கு அவர் போகவில்லை. அதற்கே அவரது பழைய கூட்டாளிகள் பலர் அவரைத் துரோகி என்றார்கள். கணக்கை நேர் செய்தவருக்குக் கிடைத்த செலவுச் சீட்டு அது. அவர் அதைக் கட்டினார்.

தன் வாழ்க்கையில் மிகவும் வருந்தத்தக்க நிகழ்ச்சி இதுவே என்று 1905-ல் வெளிவந்த சுயசரிதையில் வாலஸ் எழுதினார். ஆறு மைல் தண்ணீரில் ஐந்தடி வளைவைக் கச்சிதமாகக் காட்டிய மனிதர் அவர். நம்மிடம் வாதாட வரும் நண்பர்களிடம் வளைவைக் காட்டுவதற்கு முன்னால், காலாவதித் தேதியைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. தேதி தர மறுப்பவரிடம் பந்தயம் கட்ட வேண்டாம். அவர் பிள்ளைகளிடம் ஒரு மீட்டர் குச்சியைக் கொடுத்துவிட்டு வரலாம்.