சிங்கம் உறங்கிற்று, நீதியும் உறங்கிற்று!

1961ஆம் ஆண்டின் இறுதித் திங்கள். அமெரிக்க வானொலிகளில் எல்லாம் ஒரே பாட்டு! 'தி டோக்கன்ஸ்' என்னும் இளைஞர் குழு பாடிய அந்தச் சிங்கப் பாட்டு, விற்பனைப் பட்டியலில் முதலிடத்தைப் பிடித்தது. கேட்டவர் களித்தனர்; விற்றவர் கொழித்தனர். இயற்றியோர் என்று இசைத்தட்டிலே சில பெயர்கள் இருந்தன. இருக்கவேண்டிய ஒரு பெயர் மட்டும் இல்லை!

அந்தப் பெயர், சாலமன் லிண்டா. தென்னாப்பிரிக்காவின் ஜூலு இனத்தவர், 1909இல் பிறந்தவர், இளமையில் மாடு மேய்த்தவர், பிழைப்புத் தேடி ஜோகன்னஸ்பர்க் நகர் புகுந்தவர். 'காலோ' இசைத்தட்டு நிறுவனத்தில் தட்டுகளைக் கட்டி அடுக்கும் தொழிலாளி. பாட்டாளி மட்டுமல்ல, பாடகருங்கூட! 1939இல் அதே நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கூடத்தில், தம் குழுவினருடன் 'எம்பூபே' என்ற பாட்டைப் பாடினார். எம்பூபே என்றால் ஜூலு மொழியில் சிங்கம். பதிவின் கடைசி நொடிகளில், முன்னேற்பாடு ஏதுமின்றி, அவர் குரலிலிருந்து ஓர் இன்னிசைத் தொடர் எழுந்தது. 22 ஆண்டுகளுக்குப் பின் அமெரிக்கா மயங்கியது அந்தத் தொடரிலேதான்!

ஆப்பிரிக்காவில் அந்தத் தட்டு ஏறத்தாழ ஒரு இலட்சம் விற்றது. ஒரு பாடல் மரபுக்கே 'எம்பூபே' எனப் பெயர் நிலைத்தது. பின்னர் அது கடல் கடந்து, பீட் சீகர் என்ற அமெரிக்கப் பாடகரின் கைக்குச் சென்றது. அவருடைய 'வீவர்ஸ்' குழு 1951இல் அதைப் பதிவு செய்தது. ஜூலு சொல் செவியில் திரிந்து 'விமோவே' ஆயிற்று. இயற்றியவர் 'பால் கேம்பல்' என்று அச்சிட்டனர். யார் அந்தக் கேம்பல்? அப்படி ஒருவர் இல்லவே இல்லை. குழுவினர் சூடிக்கொண்ட புனைபெயர் அது! இல்லாத மனிதனுக்குப் பெயர் கிடைத்தது; இருந்த மனிதனுக்கு அதுவும் இல்லை!

ஒருவர் பாட்டை மற்றொருவர் பாடுவது குற்றமா? அன்று. 1960இல் மிரியம் மகேபா பாடினார். 1962இல் பிரிட்டனின் கார்ல் டென்வர் பாடி வெற்றி கண்டார். கலை கடல் கடக்கட்டும், கடக்கத்தான் வேண்டும். கலையைக் கொண்டுசென்ற கப்பல், கூலியை மட்டும் கரையிலேயே விட்டுச்சென்றதே, அதுதான் குற்றம்! சீகர் 1000 டாலர் அனுப்பினார். அது ஒரு மனிதரின் மனச்சான்று. நிறுவனங்களின் கணக்கேடுகளோ அசையவில்லை.

1962இல் லிண்டா மறைந்தார். அவர் பாட்டு உலகை வலம்வந்த காலம் அது. அவர் குடும்பத்தாரிடமோ, கல்லறைக்கு ஒரு கல் நாட்டவும் காசில்லை!

"விதி!" என்பர் வைதிகர். "தலையெழுத்து!" என்று பெருமூச்செறிவர் வேறு சிலர். தோழர்களே, தலையெழுத்தல்ல, கையெழுத்து! 1952இல் 10 ஷில்லிங்குக்கு அவரிடம் உரிமையை எழுதி வாங்கிய தாளின் கையெழுத்து! அந்தக் கையெழுத்தின் பின்னே நின்றது, கறுப்பரைக் குடிமக்களாகவே மதிக்காத நிறவெறி ஆட்சி.

விதியாயின், மாற்ற வழியில்லை. சதியாயின், உண்டு. 2000இல் ரியன் மலன் என்ற தென்னாப்பிரிக்க எழுத்தாளர் இக்கதையை ஏடறியச் செய்தார். வழக்கறிஞர்கள் பழைய சட்டப் புத்தகத்தைப் புரட்டினர். கண்டதென்ன? 1911இல் பிரிட்டிஷ் பேரரசு இயற்றிய சட்டத்தில் ஒரு விதி: படைத்தவன் உரிமையை விற்றிருந்தாலும், அவன் இறந்து 25 ஆண்டுகள் சென்றபின் அது வாரிசுகளையே சேரும்! 1987 முதல் உரிமை லிண்டாவின் மக்களுடையது. எனினும் 1994இல் 'தி லயன் கிங்' படத்தில் அப்பாட்டு ஒலித்தபோது, அவர்கள் வறுமையில்தான் இருந்தனர். 2004இல், படமெடுத்த டிஸ்னி நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தனர். 2006இல் உடன்பாடு பிறந்தது: கடந்தகால வருவாயில் பங்கு, வருங்கால வருவாயில் பங்கு, இயற்றியோருள் ஒருவராக லிண்டாவின் பெயர்.

44 ஆண்டுகள் காலந்தாழ்ந்த நீதி! அதையும் ஆண்டவன் அருளவில்லை. ஆராய்ந்தவர் தேடினர், உரிமை கேட்டவர் பெற்றனர்.

பாட்டைக் கேளுங்கள், சுவையுங்கள். பாடுபட்டவன் யார், பயன்பெற்றவன் யார் என்பதையும் சேர்த்தே கேளுங்கள்!